ஆட்டம்

ஸ்டியரிங்கில் இரண்டு விரல் ஆட்டம்.
ஆறு வருஷமாக
வளைவுக்கு முன்பே திருப்பிவிட்டுக்
காத்திருப்பேன்,
பியட் எப்போது சம்மதிக்குமென்று.

அரவேணு ஷெட்டில் பெனடிக்ட் பெட்டியைப் பிரித்தார்.
உள்ளே ஆயில் இல்லை. கருப்பட்டிப் பாகாய் எதுவோ.
வார்மை மண்ணெண்ணெயில் கழுவி வெளிச்சத்தில் பிடித்தார்:
"நட்டநடுவுல மட்டும் தேஞ்சிருக்கு பாருங்க.
நேர் ரோட்டுத் தேய்மானம்.
நம்ம பக்கம் ஏது நேர் ரோடு?"

எனக்கு முன்னால்
யாரோ ஒருவர்
தஞ்சாவூர் வயல்களுக்கு நடுவே
திருப்பவே திருப்பாமல் போயிருக்கிறார்.

புது வார்ம், புது பேரிங்,
ஷிம்மைக் கூட்டி, குறைத்து, மறுபடி கூட்டி
பதினோரு நாள்.

மூன்றாம் கொண்டை ஊசியில்
வழக்கம்போல் முன்பே திருப்பினேன்.
உடனே சொன்னபடி கேட்டது.
தேயிலைக்குள் மூக்கை நுழைத்து நின்றோம்.

பெனடிக்ட் இறங்கி
பம்பரில் சிக்கிய கொழுந்தைக் கிள்ளி எடுத்தார்.
"வண்டி சரியாயிருச்சுங்க, மேடம்."