இருநூறு கிகா

பதினொன்று நாற்பதுக்கு மார்லீன் ஃப்ரீசன் கூப்பிட்டாள்.
ரோஸ்டவுன் எலிவேட்டரில் எடைமேடை சீட்டு அடிக்கவில்லை.
பதினான்கு லாரி நிற்கிறது என்றாள்,
பதினைந்தாவதன் விளக்கு
இப்போதுதான் ஏழாம் நெடுஞ்சாலையிலிருந்து திரும்புகிறது.

வியாழன் மழை என்று எல்லோர் போனும் சொல்லியிருக்கிறது.
பருப்பு நனைந்தால் தரம் இறங்கும்,
தரம் இறங்கினால் விலை.
சாஸ்கடூனில், மூன்றாம் மாடியில்,
ஒரு காலில் மட்டும் சாக்ஸோடு
நான் கணினி முன்னால் உட்கார்ந்தேன்.

வட்டு எவ்வளவு நிரம்பியிருக்கிறது?
நூற்றுக்கு நூறு என்றது சர்வர்.
பள்ளிக்கூடத்தில் நான் ஒருநாளும் வாங்காத மார்க்.

புதிதாக ஒன்று உண்டாக்கு என்று ஒரு வரி.
இருநூறு கிகா. பெயர்: அறுவடை-மூன்று.
எண்டரைத் தட்டிய விரல் எழும்பும் முன்
உண்டாகிவிட்டது.
பார்க்க முடியாது, தட்டினால் ஒலிக்காது.
கால்கரியிலோ வேறெங்கோ
குளிரூட்டிய ஒரு கூடத்தில்
பல வட்டுகளிலிருந்து பிடிபிடியாய் அள்ளி
வாய் கட்டிய மூட்டை.
இருக்கும் இடம் எனக்குத் தெரியாது.
முப்பத்தாறு எழுத்தில் ஒரு பெயர் தெரியும்.
நிலை: சும்மா இருக்கிறது.

அடுத்த வரி: இந்தச் சர்வரோடு இந்த வட்டை இணை.
பெயரை நகலெடுத்து ஒட்டினேன்,
இருந்தாலும் வாய்விட்டு வாசித்தேன்.
இணைகிறது, என்றது.
இணைகிறது, என்றது.
மார்லீன் போனை மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தாள்.
டீசல் உறுமலும், யாரோ காறித் துப்பியதும்,
பின்னால் அந்தக் காற்றும்
என் சமையலறைக்கு வந்தன.
பயன்பாட்டில், என்றது.

இனிதான் ஆபத்து.
சர்வருக்குள் புகுந்து பார்த்தால் மூன்று வட்டு.
ஏ, பி, சி.
ஒன்றில் இயங்குதளம்.
ஒன்றில் ஆகஸ்ட் முதல் வந்த ஒவ்வொரு மணிக்கும் கணக்கு.
ஒன்று வெறுமை.
வெறுமையைத்தான் வடிவமைக்க வேண்டும்.
ஆனால் அவசரத்துக்குப் பழகிய என் கை
'கட்டாயம்' என்பதையும் சேர்த்தே தட்டும்.
அப்புறம் அது நிச்சயமா என்று ஒரு வார்த்தை கேட்காது.
திரையில் விரல் வைத்துப் படித்தேன்.
இருநூறு. சி.
எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.
வந்து மறுபடி பார்த்தேன்.
சி-தான்.

பிறகு, ஏற்று.
வட்டை ஓர் அடைவின்மேல் ஏற்ற வேண்டும்.
அங்கே பதினைந்து பேர்
இறக்கக் காத்திருக்கிறார்கள்.
ஏற்றினேன்.
கிராம் கணக்கில் சொன்னால், ஒன்றுமே இல்லை.

போனில் முதலில் வந்தது பிரிண்டர்.
கிர்ரென்று ஓர் இழுப்பு, தாள் கிழியும் ஓசை,
பிறகு மார்லீன் உரக்க வாசிக்கிறாள்:
ஒரெஸ்ட் ஹவ்ரிலுக், மைசூர் பருப்பு,
நாற்பத்தோராயிரத்து இருநூற்று இருபது கிலோ,
ஈரம் பதின்மூன்று.
அந்தச் சீட்டு என் வட்டில் பிடித்த இடம்
நானூறு பைட்.
இந்தக் கணக்கில்
ரோஸ்டவுனைச் சுற்றியிருக்கும் இரும்புக் குதிர்கள் அத்தனையும்
நூறு வருடம் கொட்டினாலும் வட்டு நிரம்பாது.

லாரிகள் நகர்ந்தன.
என்னதான் ஆச்சு, என்று கேட்டாள் மார்லீன்,
குறையாக அல்ல, சும்மா பேச்சுக்கு.

ஜூலையில் ஒரு பிழையைத் துரத்தும்போது
நீ செய்வதையெல்லாம் எழுதி வை என்று
சர்வருக்கு ஒரு வரி சொல்லியிருந்தேன்.
பிழை அகப்பட்டது. வரியை எடுக்கவில்லை.
அது பாவம் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது,
இரவும் பகலும், எட்டு வாரம்.

"சீசன் நேரமில்லையா மார்லீன்," என்றேன்.
"பதிவுக் கோப்பாலெல்லாம் இருக்காது."
பதிவுக் கோப்பு என்ற பேச்சையே
அவள் எடுக்கவில்லை.

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்பதை
ஆங்கிலத்தில் எத்தனை சரளமாகச் சொல்கிறேன்.

ஓ, என்றாள். அவள் பின்னால் ஒரு ஹார்ன்.
போனை வைத்துவிட்டு அந்த ஒற்றை வரியை அழித்தேன்.
இன்னொரு காலின் சாக்ஸைத் தேடினேன்.
மழை இன்னும் வரவில்லை.