இரண்டாம் தாவல்

மார்த்தாண்டம் மேம்பாலம்
ஜன்னலுக்கு நேரே ஓடுகிற மாடி அறை.
களியக்காவிளை பஸ் போகும்போதெல்லாம்
டிவி ஸ்டாண்டு நடுங்கும்.
அந்த நடுக்கத்தில்தான் தோற்றேன் என்று
ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.
"பஸ் எனக்கும் சேத்துத்தானே போச்சு" என்றான் விஜின்.

அவனுக்கு மழைநாளில் மட்டும்தான் விளையாட்டு.
மரத்துக்குப் பிளாஸ்டிக் பாவாடை கட்டக் காசில்லாத தோட்டம்.
பட்டை நனைந்தால் பால் சிரட்டைக்கு வராது,
மரமெல்லாம் வழியும்; வெட்டு கிடையாது.
ஆகவே ஐப்பசியில் அவனை ஜெயிக்க முடியாது.
தையில் வந்தால்
கட்டைவிரலில் ஆசிட் வாசமும்
பாதித் தூக்கமுமாக உட்கார்ந்திருப்பான்.
அப்போதும் என்னால் ஜெயிக்க முடியவில்லை.

அவன் எடுப்பது ஆமை.
நான் எடுப்பது நாரை,
எடை கிடையாது, ஒரு அடி சரியாக விழுந்தால்
திரைக்கு வெளியே போய்விடும்.
போகட்டும். போவதில் தப்பில்லை.
திரும்பி வருவதில்தான் நான் செத்தேன்.

நாற்பத்தோரு சாவுகளைப் போனில் பதிந்து
ராத்திரி மெதுவாக ஓட்டிப் பார்த்தேன்.
முப்பத்தாறில்
தூக்கி எறியப்பட்ட உடனே ஒரு தாவல்,
மூச்சு விடுமுன் இன்னொரு தாவல்.
இரண்டாவது, பயத்துக்கான செலவு.
அதன்பின் ஐந்தாம் தேதியே தீர்ந்த சம்பளம்போல
வெறும் ஆகாயத்தில் நிற்பேன்.
ஆமை ஓடி வராது.
நான் வந்தே ஆகவேண்டிய இடத்தில்
காலை நீட்டிக் காத்திருக்கும்.

பகலில் ஜெராக்ஸ் கடை.
மிஷின் சர்ரக் என்று தாளைத் துப்புவதற்கு
ஒரு துளி முன்னால்
மேசை விளிம்பைச் சுட்டுவிரலால் தட்டுவேன்.
தரையைத் தொடுமுன் ஷீல்டைத் தட்டினால்
இறங்கிய கால் பாதி நேரமே மரக்கும்.
ஆதார் கார்டு இருநூறு காப்பி
எனக்கு இருநூறு இறக்கம்.
"என்ன தாளம் போடுதே?" என்றாள் ஓனர் பெல்சியக்கா.

அப்புறம் வழுக்கல்.
தாவிய கால் உயருமுன்
தரைக்குச் சாய்ந்து ஒதுங்கினால்
பாசிக்குளத்துப் படியில்போல
நின்றவாக்கில் உடம்பு நகரும்.
இதற்கு ஒன்பது நாள்.

விழுவதற்குத்தான் அதிக நாள் ஆயிற்று.
விளிம்புக்குக் கீழே, இன்னும் கீழே,
கை தன்னால் அழுத்தப் பார்க்கும்,
அழுத்தாமல்.
அடிச்சுவரில் மோதும் நொடியில் தட்டினால்
சுவரே பிடித்துக்கொள்ளும்.
ஐந்தில் நாலு முறை செத்தேன்.
அந்த ஒரு முறைக்காக இருந்தேன்.

சரி, அவன் எப்படித் திரும்புகிறான்?
அதை அன்றுவரை பார்த்ததே இல்லை.
பார்த்தேன்.
இடது மேலிருந்து வலது கீழே,
எப்போதும் அதே சரிவு.
மரத்தில் கத்தியை இழுக்கிற மணிக்கட்டு
ஸ்டிக்கையும் அப்படியே இழுக்கிறது.

ஐப்பசி, அடைமழை, கட்டஞ்சாயா இரண்டு.
ஆமை வெளியே பறந்தது.
அது இருந்த இடத்துக்கு நான் போகவில்லை.
சரிவின் கடைசிப் புள்ளியில் அலகை நீட்டினேன்.
செத்தது.
மறுபடி அங்கேயே. மறுபடி செத்தது.
மூன்றாவது தடவை
அலகு காற்றைக் கொத்தியது.
ஆமை அடியிலிருந்து, வலப்பக்கமாக ஏறி
என் முதுகில் நின்றது.
"சவம், கவனிச்சிட்டே இல்லியா" என்றான்.
குரலில் கோபம் இல்லை.

ஆளுக்கு ஓர் உயிர் மிச்சம்.
அடித்தான். பறந்தேன். விழுந்தேன்,
அழுத்தாமல்,
ஆமை விளிம்பில் ஒரு அடி முன்னும் பின்னும்
தயங்குவது தெரிந்தது.
அப்போது திரை அப்படியே நின்றது.
அவன்தான் நிறுத்தினான்.
காது ஜன்னல் பக்கம் இருந்தது.
"மழை விட்டாச்சு. மூணு மணிக்கு எழும்பணும்."
செருப்பைத் தேடி, குடையை மறந்து போனான்.

நாரை விளிம்புக்குக் கீழே நிற்கிறது,
இரண்டாம் தாவல் செலவாகாமல்.
கடைசி பஸ் பாலத்தில் போனது,
அது நடுங்கியது.
கரண்டு பில் ஞாபகம் வரும்வரை
நான் டிவியை அணைக்கவில்லை.