ஏழாவது வரி

பழைய வண்ணாரப்பேட்டையில் பஞ்சர் கடைக்கு மேல்
என் ஒற்றை அறை. ஞாயிறு மூன்று மணிக்கு
அது மலைநாடாகும், அல்லது பேய்க்கோட்டை,
பரோட்டா எப்போது வருகிறது என்பதைப் பொறுத்து.
கீழே கம்ப்ரசர் உறுமும்போதெல்லாம்
டிராகன் மூச்சு விடுகிறது என்று சொல்லிவிடுவேன்.
ஆட்டத்தை நடத்துகிறவனுக்கு அந்த உரிமை உண்டு.

ரிஸ்வானுக்குப் புனித வீரன். வெள்ளிக் கவசம், ஒரு சபதம்.
தயாபரனுக்கு மந்திரவாதி. மாதக் கடைசியிலும் தீராத நெருப்பு.
புதிதாய் வந்த இமாகுலேட்
நான் நீட்டிய பட்டியலைப் புரட்டிவிட்டு
"அசிங்கமா அடிக்கிறவ யாராச்சும் இருக்காளா?" என்றாள்.

இல்லை. எழுதினேன்.
ஒரு வாரம், ஆபீஸ் எக்செல்லில்,
மேனேஜர் பின்னால் வந்தால் ஜிஎஸ்டி தாளுக்குத் தாவியபடி.
பெயர்களைத் தேடவே வேண்டியிருக்கவில்லை.
தமிழே ஒரு பழைய ரவுடி போல
எல்லா அடியையும் மடியில் கட்டி வைத்திருந்தது:
முதல் நிலையில் கண்ணில் மண்ணைத் தூவுதல்.
இரண்டில் காலை வாருதல்.
பிறகு மூக்கை உடைத்தல், முதுகில் குத்துதல்.
ஐந்தாவது, வயிற்றில் அடித்தல்
(மார்ச் மாதம் தயாபரன் கம்பெனியில்
நாற்பது பேருக்கு அது ஈமெயிலில் வந்தது).

"முதுகிலயா?" ரிஸ்வான் கவசத்துக்குள்ளிருந்து கொதித்தான்.
"புறப்புண் பட்டவன் வெட்கப்பட்டு
வடக்கே பார்த்து உக்காந்து செத்த நாடு இது."
"பட்டவன்தானே வெட்கப்பட்டான்," என்றாள் இமாகுலேட்,
"குத்தினவன் இன்னா பண்ணான்? சாப்ட்டுட்டுத் தூங்கியிருப்பான்."

பென்சிலைப் பிடுங்கித் திருத்த ஆரம்பித்தாள்.
காஞ்ச மண்ணு காத்துல உன் கண்ணுக்கே திரும்பும்,
காசிமேட்டுல நின்னு வீசிப் பாரு.
ஈர மண்ணு எடு. மீன் கழுவின தண்ணில நனைஞ்சதுன்னா ரெண்டு புள்ளி சேத்துப் போடு.
முடியப் புடிச்சா மேல இழுக்காத, கீழ இழு.
குட்டையா இருக்கறதே ஒரு கவசம், அதுக்கு ஒரு எண் குடு.
செருப்பு கழட்ட ஒரு சுத்து முழுசாப் பூடும்,
அதனால சண்டைக்கு முன்னாடியே கழட்டி வெச்சுக்கணும்.
சண்டை வரப்போவுதுன்னு எப்பிடித் தெரியும் என்றேன்.
என்னைப் பார்த்தாள். பதில் சொல்லவில்லை.

ஆறாவது நிலையை அவளே எழுதினாள்: அழுதல்.
எதிரி ஒரு நொடி கையை இறக்குவான்.
அந்த நொடி உன்னுது. பகடை வேணாம்.

ஏழுக்கு வந்தபோது
பென்சில் தாளைத் தொட்டு நின்றது.
"இன்னொண்ணு இருக்கு."
கீழே கம்ப்ரசர் ஓடியது. நான் டிராகன் என்று சொல்லவில்லை.
பரோட்டா தீர்ந்த பிறகும் தயாபரன்
சால்னாவைக் கிண்டிக்கொண்டே இருந்தான்.
"ஒரு தபாதான் பண்ணது. எழுத மாட்டேன்."

அன்று கோட்டை வாசலில் ராட்சதன்.
ரிஸ்வான் முறைப்படி சவால் விட்டு முறைப்படி விழுந்தான்.
தயாபரனின் நெருப்பு வாசல் தோரணத்தைக் கருக்கியது.
இமாகுலேட் உருட்டினாள். ஒன்று.
இருபது முகத்தில் இருப்பதிலேயே கேவலமான முகம்.
மண் காற்றில் திரும்பியது.
அவள் சிரித்த சிரிப்புக்குக் கீழே டியூப் ஒட்டுகிறவர்
"இன்னா மேல?" என்று கத்தினார்.
"சொன்னேன்ல, ஈர மண்ணு!"
பிறகு, தன் ஆள் தரையில் கிடக்க,
"சரி, அழுவுறேன்" என்றாள்.
குரலில் ஒன்றும் மாறவில்லை. முகம் மட்டும்.
ராட்சதனுக்காகக் கையை இறக்க வேண்டியவன் நான்.
பார்த்தால் ஏற்கெனவே இறங்கியிருந்தது.

திங்கட்கிழமை எம்.சி. ரோட்டில் ஜெராக்ஸ்.
நான்கு காப்பி. கடைக்காரர் தாளை ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்தார்.
"ஏழுக்கு எதிர்ல ஒண்ணும் விழல தம்பி,
டோனர் மக்கர் பண்ணுது. இன்னொரு தடவ போடட்டா?"

வேண்டாம் என்றேன்.
சில்லறைக்கு நிற்கும்போது ஒரிஜினலைப் பார்த்தேன்.
பென்சில் நின்ற இடத்தில் ஒரு புள்ளி,
அழுத்தமாக, தாளின் மறுபக்கம் வரை.