மறுகா

வாழைச்சேனைத் துறைமுகத்து ஐஸ் ஆலையில்
கொம்ப்ரஸரைப் பார்த்துக்கொள்வது
உள்ளங்கை அகலப் பலகை ஒன்று.
ஒரேயொரு கோர்.
அதற்குள் முப்பத்தொரு வேலைகள்,
ஒரு நேரத்தில் ஓடுவது ஒன்றுதான்.
மற்ற முப்பதுக்கும் கேர்னல் சொல்வது
எங்கள் பக்கம் எல்லோரும் சொல்கிற சொல்:
மறுகா.

மறுகா என்றால் பிறகு.
மறுகா என்றால் இன்னொரு தரம்.
கடன் கேட்டவனிடம் சொன்னால்
மறுகா என்றால் இல்லை.

மூன்று இரவாக
அமுக்கமானியை வாசிக்கும் வேலை பிந்தி வருகிறது.
பத்து மில்லிசெக்கனுக்கு ஒருதரம் எழும்ப வேண்டியது
சிலவேளை நானூறு கழித்துக் கண் முழிக்கிறது.
அதற்குள் காவலுக்கு வைத்த டைமர் பயந்துபோய்
எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறது.
உவர்நீர்த் தொட்டியில் தகரப் பெட்டிகள்,
கட்டிகள் ஓரத்தில் உறைந்து நடுவில் தண்ணீர்.
வெளியே சூரைக்குப் போகவேண்டிய படகுகள் ஏழு
ஐஸ் இல்லாமல் கயிற்றில் ஆடுகின்றன.

முதலில் நேரத்துண்டைக் குறுக்கினேன்,
நூறை நான்காக.
எல்லோருக்கும் கெதியாய் முறை வந்தது.
வந்தவர் உட்காருமுன் எழுப்பவேண்டி வந்தது.
ஏற்றுவதும் இறக்குவதுமாக நேரம் போய்
பஸ் ஓட்டமாவடிப் பாலத்தையே தாண்டாத கதை.

நான்கை முப்பதாக்கினேன்.
மறுகா, முன்னுரிமை.
அமுக்கமானிக்குத் தொண்ணூறு கொடுத்தேன்,
ராசா வருகிறார் எல்லோரும் விலகுங்கள் என்று.
விலகினார்கள்.
ராசா அப்படியும் பிந்தினார்.

மாஹிர் கதவால் தலையை நீட்டினார்.
"எப்பகா ஓடும்?"
"மறுகா" என்றேன்.
என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

இரண்டேகால் மணி.
தடப்பதிவை மைக்ரோசெக்கன் மைக்ரோசெக்கனாய் உருட்ட
அங்கே இருந்தது.
பதிவேடு எழுதுகிற வேலை.
ஆகக் கடைசித் தரம்,
ஒருவரும் அதை அவசரப்படுத்துவதில்லை,
நானே அதன் பெயரை மறந்திருந்தேன்.
அதன் கையில் பூட்டு.
அமுக்கத்தின் எண்ணைப் பாதி எழுதிய இடத்தில்
கமராப் படத்தைச் சுருக்கும் வேலை வந்து இடித்துத் தள்ள,
எழுதுகிறது பூட்டோடு ஓரமாய் ஒதுங்கிவிட்டது.
ராசா பூட்டுக்கு வெளியே நிற்கிறார்.
நடுவிலே ஒன்று, உயர்வும் இல்லைத் தாழ்வும் இல்லை,
ஓடிக்கொண்டே இருக்கிறது
பின்பக்கக் கேற்றைப் படமாய்ச் சுருக்கிச் சுருக்கி.
அந்தக் கேற்றால் ஒரு மாடுகூட வரவில்லை.

வைத்தியம் ஒரு வரி.
பூட்டு யாரிடம் இருக்கிறதோ
அவருக்குக் காத்திருப்பவரின் தரத்தைக் கடன் கொடு;
பூட்டை விட்ட கணமே திரும்ப வாங்கு.

தொகுத்தேன். ஏற்றினேன். பார்த்துக்கொண்டிருந்தேன்.
எழுதுகிறது எட்டு மைக்ரோசெக்கன் தொண்ணூறாய் இருந்தது,
கமரா வாய்மூடி நின்றது.
எழுதி முடித்தது, பூட்டை விட்டது,
அடுத்த கணம் பழையபடி கடைசி.
தான் ராசாவாய் இருந்தது அதற்குத் தெரியாது.
அதற்கென்று எழுதிவைக்க ஒரு இடமும்
பதிவேட்டில் இல்லை.

கொம்ப்ரஸர் அடுத்த நாள் முழுக்க நிற்கவில்லை.
ஒன்பது மில்லி, பத்து, பத்து, ஒன்பது.

அதற்கு மறுநாள் விடிய ஐந்தேகால்,
கட்டிகள் நடுவிலும் வெள்ளை.
கிட்டங்கிக் கதவு பூட்டு. சாவி இம்தாத்திடம்,
கொக்கியால் கட்டி இழுக்கிற நாட்கூலிப் பொடியன்.
இம்தாத் இன்னும் வரவில்லை.
மாஹிர் நிற்கிறார், லொறிக்காரர் நிற்கிறார்,
தண்டையல் பேரின்பராசா சாரத்தை மடித்துக்கட்டி நிற்கிறார்.
சைக்கிள் வளைவில் தெரிந்ததும்
மூன்று குரலும் தேனாய் உருகியது.
"கெதியா வா மனே, வா ராசா."
ஒருவர் சைக்கிளைப் பிடித்தார்,
ஒருவர் தன் பிளேன்டீயை அவன் கையில் கொடுத்தார்.

கதவு திறந்தது.
ஐம்பது கிலோக் கட்டிகள் புகையோடு சறுக்கி வந்தன.
எல்லோரும் படகுப் பக்கம்.
"என்ட ரெண்டு கிழமைக் காசு?" என்று கேட்டான் இம்தாத்.
மாஹிர்
கிறுகிப் பார்க்காமலே சொன்னார்.