திராட்சைக்கு நாற்பத்தேழு நாடா

விமான நிறுவனத்துக்குப் பருவம் இரண்டுதான்:
இருக்கை நிறைகிற காலம், நிறையாத காலம்.
அக்டோபர் கடைசி ஞாயிறு
கடிகார முள்ளை ஒரு மணி பின்னுக்குத் தள்ளும்போது
முதலாவது முடிந்துபோகும்.

தெருவேல் மேட்டுநிலத்துக்கு
அந்த வாரம் பதினோரு விமானங்கள் வந்து நின்றன,
தரைவிரிப்பில் இன்னும் யாரோ குளித்த கடலின் மணலோடு.
இங்கே வாடகை குறைவு,
காற்றில் ஈரம் குறைவு,
பார்க்க வருகிறவர்களும் குறைவு.

கடைசியாக வந்ததன் வால் எழுத்து யூ, வி, ஏ.
ஸ்பானிய மொழியில் சேர்த்துப் படித்தால் திராட்சை.
அதனால் அது திராட்சை.

தூங்கவைப்பதுதான் வேலை என்பாள் பெகோன்யா,
பறக்கவைக்க யாராலும் முடியும்.
என்ஜின் வாய்க்குள் சிலிக்கா பைகள், மேலே உறை.
வேகம் அளக்கும் விரல்தண்டிக் குழாய்களுக்குக் குல்லாய்.
குருவி நுழையக்கூடிய ஒவ்வொரு பொந்துக்கும் அடைப்பு.
அடைத்த ஒவ்வொன்றிலும்
'பறக்குமுன் அகற்றுக' என்று ஒரு சிவப்பு நாடா.
வாரம் ஒருமுறை டிராக்டரால் இழுத்து
சக்கரத்தைக் கால்சுற்று உருட்டவேண்டும்;
இல்லாவிட்டால்
நின்ற இடம் டயரில் தட்டையாகப் பதிந்துவிடும்.

எனக்கும் அப்படித்தான், என்றான் எலாடியோ,
நவம்பரில் சாவிகளைத் திருப்பிக் கொடுத்தபோது.
'நிரந்தரம், விட்டுவிட்டு' என்பது
அவன் ஒப்பந்தத்தின் பெயர்.
(நம் கல்யாணத்துக்கும் பொருந்தும் என்றாள் மனைவி.)
மார்ச்சில் எழுப்ப ஆள் வேண்டும்.
தூங்குகிறவற்றுக்கு ஒருத்தி போதும்.

டிசம்பர் இருபது, இரவு.
எங்கோ ஒரு நகரத்தில்
படிக்கட்டு வண்டி ஒன்று ஓர் இறக்கையில் மோதிவிட்டது.
பண்டிகை டிக்கெட்டுகளோ ஆகஸ்டிலேயே விற்றாயிற்று.
தொலைபேசி சொன்னது:
ஒன்றை எழுப்புங்கள். பன்னிரண்டு நாளைக்கு.

இரண்டு நாள் எடுத்தது.
கடைசியில் நாடாக்களை மேசையில் பரப்பி எண்ணினாள்.
நாற்பத்தாறு.
பதிவேட்டில், எலாடியோவின் சாய்ந்த கையெழுத்தில்,
நாற்பத்தேழு.

மறுபடி எண்ணினாள்.
ஏணி போட்டு, டார்ச் பிடித்து,
எல்லாப் பொந்துகளிலும் கண்ணை வைத்தாள்.
எல்லாம் திறந்துதான் இருந்தன.
சக்கரக்குழிகளில் தேடினாள், உறைபனியைக் காலால் கிளறினாள்.
கண்ணுக்குத் தெரியாத ஒரு துளை
இன்னும் மூச்சடைத்துக் கிடக்கலாம்.
கையெழுத்திட அவள் கை வரவில்லை.

விடியுமுன் எலாடியோவை அழைத்தாள்.
அவன் ஓக் தோப்பில் இருந்தான்,
மண்ணுக்கடியில் கருங்காளான் தேடி.
மூக்கு, மோராவுடையது.
கடப்பாரை அவனுடையது.

நாய் முதலில் காரிலிருந்து குதித்தது.
அதன் கழுத்தில்:
பறக்குமுன் அகற்றுக.

"கிடங்கில் எடுத்தது நாற்பத்தேழு," என்றான் எலாடியோ தரையைப் பார்த்து,
"கட்டியது நாற்பத்தாறு. எடுத்ததைத்தான் எழுதினேன்.
மூடுபனியில் வேட்டைக்காரர்கள்
இவளைப் பன்றியென்று நினைத்துவிடக் கூடாதே."

பெகோன்யா திட்டினாள்.
அவள் ஊர் வசவு, அப்பாவின் வசவு, புதிதாக ஒன்றிரண்டு.
பிறகு மண்டியிட்டு முடிச்சை அவிழ்த்தாள்.
மோரா பல்லைக் காட்டியது, பிறகு விட்டுவிட்டது.

ஏழு பத்துக்குத் திராட்சை காலியாகக் கிளம்பியது,
தெற்கே காத்திருக்கும் நூற்றெண்பத்தாறு பேருக்காக.
ஓசை அடங்கும்வரை எலாடியோ அண்ணாந்து நின்றான்.
"பன்னிரண்டு நாளைக்கு
ஆள் யாரும் வேண்டாமாமா?"
அவள் மேசைமேல் நாடாக்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.
செய்தித்தாளில் பொதிந்த ஏதோ ஒன்றை
அவற்றின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான்.
அறை முழுக்க ஈரமண் வாசனை.

ஜனவரி மூன்றில் திராட்சை திரும்பி வந்தது,
இருக்கைச் சந்துகளில் மிட்டாய்க் காகிதங்களுடன்.
பெகோன்யா தனியாகவே தூங்கவைத்தாள்.
பதிவேட்டில் எழுதினாள், கட்டை எழுத்தில்:

எடுத்தது 47.
கட்டியது 46.
சேதாரம் 1.