குழைந்த சோறு

சோற்றைக் கெடவைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
புவா ரூஜ் சர்க்கரை ஆலைக்குப் பின்னால்
தகரக் கூரைக் கூடத்தில்
காலை ஆறு மணிக்கு உலை வைப்பேன்.
முக்கால் பதம். அதற்கு மேல் வெந்தால்
பூஞ்சைக்கு மூச்சு முட்டும்.
பையில் அடைத்து, ஆவியில் காட்டி, ஆறவைத்து
ஊசி முனையால் ஒரு சொட்டு.
பதினைந்தாம் நாள்
பருக்கைக்குப் பருக்கை வெள்ளை மயிர் முளைத்திருக்கும்.
பச்சை படிந்த பையைத் தூக்கி எறிவேன்,
அது வேறு பூஞ்சை.
கெடுவதென்றாலும் ஒழுங்காகக் கெட வேண்டும்.

வெளியே கரும்பு, கடல்வரைக்கும்.
கரும்பின் காலடியில், வேரில் வாய் வைத்தபடி
வெள்ளைப் புழு.
மடகாஸ்கரிலிருந்து ஏதோ செடியின் மண்ணில்
ஒளிந்து வந்ததாம்.
எங்கள் ஆட்களும் கப்பலில் வந்தவர்கள்தான்,
அதைப் பற்றி நான் பேசுவதில்லை.
ஒரு தூருக்குக் கீழே இருபது சேர்ந்தால்
ஆடும் பல் மாதிரிக்
கையோடு வந்துவிடும் கரும்பு.

டிசம்பர் நடுவில் இரண்டு மூட்டையோடு
சேந்த் சூசான் மேட்டுக்கு,
இன்யாஸ் கானாபாடியின் வீட்டுக்குப் போனேன்.
(கப்பலேறியபோது கணபதி.
இறங்கியபோது எழுத்தரின் காதில் விழுந்தது வேறு.)
மணிக்கட்டில் மஞ்சள் கயிறு.
"ஒண்ணாந்தேதி தீக்குழி, இவ்ரோஸ்.
பதினெட்டு நாள் விரதம், முட்டைகூடத் தொடலை.
இதை மண்ணுல போட்டா
நான் கொன்னதாகுமா?"

என் கையேட்டில் அளவு உண்டு,
ஹெக்டேருக்கு ஐம்பது கிலோ.
சாலில் போட்டு உடனே மூடு என்று உண்டு.
இதற்கு ஒரு பக்கமும் இல்லை.

தெரிந்ததைச் சொன்னேன்:
வித்து புழுவின் தோலில் ஒட்டும்.
முளைக்கும். துளைத்துக்கொண்டு உள்ளே போகும்.
அவசரம் கிடையாது அதற்கு.
ஒரு மாதம் ஆகலாம், மூன்றும் ஆகலாம்.
புழு முடிந்ததும்
சிவப்பாக ஒரு சாயம் சுரக்கும்,
பிணம் அழுகாதிருக்க,
வேறு எதுவும் வந்து பங்கு கேட்காதிருக்க.
பிறகு தோலுக்கு வெளியே வந்து
வெள்ளையாகப் போர்த்திக்கொள்ளும்.

"அப்ப சாப்பிடுறது அது. நான் இல்ல."
கொஞ்ச நேரம் மாட்டைப் பார்த்தார்.
"ஆனா பந்தி வெச்சது நான்தானே?"

கொட்டகை மூலையில்
முன்பு மருந்து வந்த நீலப் பீப்பாய்,
இப்போது மழைத்தண்ணீர் பிடிக்க.
அந்த மருந்தை ஊற்றிய மறுநாள்
மண்புழுக்கள் வாய்க்கால் நெடுக மிதக்குமாம்.
"அப்ப எனக்கு இந்தக் கேள்வி வரலை" என்றார்,
வராமல் போனதுதான் வருத்தம் என்பதுபோல.

மூட்டையை நிழலில் வைக்கச் சொன்னேன்.
வெயில் பட்டால் வித்து செத்துவிடும்,
ஜன்னி கண்ட உடம்பின் சூடுகூடத் தாங்காது.
திரும்பும் வழியில்தான் உறைத்தது:
தீ மிதிக்கப் போகிறவரிடம்
சூடு ஆகாது, ஆகாது என்று
மூன்று தரம் சொல்லியிருக்கிறேன்.

ஜனவரி மூன்றாம் தேதி தொலைபேசி.
"போட்டாச்சு." வைத்துவிட்டார்.
பாதம் எப்படி இருக்கிறது என்று கேட்க வாயெடுத்திருந்தேன்.

மே மாதம் என் மேசைக்குத்
தயிர் டப்பா ஒன்று வந்தது, அவரும் பின்னாலேயே.
பஞ்சின் மேல் ஒரு புழு,
சுண்ணக்கட்டி போல விறைத்து,
ஆறு கால்களும் வெள்ளை நூலில் கட்டுண்டு.
உடைத்துக் காட்டினேன். உள்ளே பீட்ரூட் சிவப்பு.
குனிந்து பார்த்தார். தொடவில்லை.
"இன்னும் பதினேழு தோண்டினேன்.
அத்தனையும் நெளியுது.
ஒண்ணு போதுமா?"

போதும் என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை.
போதாது என்றும் சொல்லவில்லை.
புழுவின் முதுகிலிருந்து ஊசி முனையளவு எடுத்துக்
கண்ணாடித் தட்டில் இழுத்து, தேதி எழுதி,
அடுப்பைப் பற்றவைத்தேன்.

அவர் படி இறங்கிப் போவதைப்
பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன் போல.
இடது காலை இன்னும் மெல்லத்தான் ஊன்றுகிறார்.

அரிசி குழைந்துவிட்டது.
பூஞ்சைக்கு ஆகாது.
பருப்பு ஊற்றி
நாங்கள் தின்றோம்.