இரண்டு கோடுகள்

நார்ட்டன் சம்மிட் சாலை, மூன்றாவது கொண்டை ஊசி வளைவு,
அடிலெய்டுக்கு ஜூன் மாத மழை.
ஆக்சிலரேட்டரை மிதித்தால்
உள்பக்கப் பின்சக்கரம் மட்டும்
தன்னந்தனியே சுற்றி அலறுகிறது.
வண்டியின் பாரத்தைத் தாங்கும் வெளிச்சக்கரமோ
சம்பளம் வராதவன் வேலைக்குப் போவதுபோல்
உருள்கிறது, அவ்வளவுதான்.
எது வழுக்குகிறதோ அதற்கே எல்லாச் சுழற்சியும்:
திறந்த டிஃபரன்ஷியலின் நீதி இது.
மேலே போய்த் திரும்பி வந்து பார்த்தேன்,
சாலையில் கறுப்பாக ஒரே ஒரு கோடு.

சிவப்பு மாஸ்டா. இரண்டே இருக்கை.
பாதி எனக்கு, பாதி என் தங்கை பூங்கோதைக்கு.
வாரநாளில் அவளை எக்ஸ்ரே அறைக்குக் கொண்டுபோகும்,
ஞாயிறு விடிந்தால் என்னை மலைக்கு.

பூரகாவில் ஸ்டாவ்ரோஸின் பட்டறை.
செய்தித்தாளை விரித்து அதன்மேல் இரண்டை வைத்தார்,
மீன் கடைக்காரர் வைப்பதுபோல.

முதலாவது, கிளட்ச் தட்டுகள் அடுக்கியது.
ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்றாலும்
மற்றதை விடாது பிடிக்கும்.
மெதுவாகத் திரும்பினால் மட்டும்
கடகடவென்று முனகும்.
அடிக்கடி எண்ணெய் மாற்ற வேண்டும்,
தட்டு தேய்ந்தால் மறுபடி பிரிக்க வேண்டும்.

இரண்டாவது, சாய்வான பல்சக்கரங்கள்.
சத்தமில்லை. தேய்வதும் குறைவு.
தரையில் கொஞ்சம் பிடி இருந்தால்
அதைப்போல் மூன்று மடங்கை மறுபக்கம் அனுப்பும்.
சக்கரம் முழுதாக எழுந்துவிட்டால் கை விரித்துவிடும்.
"பெருக்கல் கணக்கம்மா" என்றார் ஸ்டாவ்ரோஸ்,
"பூஜ்ஜியத்தை மூன்றால் பெருக்கிப் பார்."

எனக்கு முதலாவது.
ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.
அந்த முனகல் எனக்குப் பிடித்திருந்தது,
உள்ளே ஏதோ வேலை நடக்கிறது என்று
ஊருக்கே தெரிவது பிடித்திருந்தது.

"காலைல ஆறு மணிக்கு ஆஸ்பத்திரி பார்க்கிங்ல
கடகடன்னு திருப்பினா
நைட் டியூட்டி முடிச்சவ அத்தனை பேரும்
திரும்பிப் பார்ப்பாளுக" என்றாள் பூங்கோதை.
கொஞ்சம் பொறுத்து,
"இதையெல்லாம் நம்ம ரெண்டு பேரோட ஒப்பிட்டு
கவிதை கிவிதை எழுதிராத."

எழுதவில்லை. சோதனை செய்தோம்.

மஞ்சள் மழைக்கோட்டில் அவள்
வளைவின் கைப்பிடிக் கம்பிக்குப் பின்னால் குந்தியிருந்தாள்,
போனைத் தரைமட்டத்துக்குத் தாழ்த்திப் பிடித்து.
ஆறு முறை ஏறினேன்.
ஒவ்வொரு முறையும் அதே அலறல்,
அதே யூகலிப்டஸ் வாசனை, சூடான ரப்பரும் சேர்ந்து.
ஏழாவதற்குப் பெட்ரோல் இல்லை.

காருக்குள் உட்கார்ந்து, கண்ணாடி மூடுபனியாக,
ஒவ்வொன்றையும் மெதுவாக ஓட்டிப் பார்த்தோம்.
உள்சக்கரம் சுற்றுகிறது,
அதில் ஒட்டிய ஓர் இலை மேலே வருகிறது, கீழே போகிறது,
ரப்பரை விட்டு ரோடு விலகவே இல்லை.
நூல் நுழையும் இடைவெளிகூட இல்லை.
எழுந்திருக்கக் கூடாதா என்று
ஒரு நொடி ஏங்கியது உண்மை.
எழுந்திருந்தால் கிளட்ச் வாங்கியிருக்கலாம்.

பல்சக்கரமே வாங்கினோம்.
ஆயிரத்து அறுநூற்று ஐம்பது டாலர், கூலி தனி.
அவள் பங்கு அன்றிரவே என் கணக்கில் விழுந்தது,
குறிப்பு: சத்தம் போடாததற்கு.

ஜூலையின் முதல் ஞாயிறு. அதே மழை, அதே வளைவு.
மிதித்தேன்.
பின்புறம் லேசாக உட்கார்ந்தது,
பிறகு யாரோ இடுப்பில் கை வைத்துத் தள்ளினாற்போல்
சாலை பின்னால் போயிற்று.
அலறல் இல்லை. ரேடியோ கேட்டது.
மேலே போய்த் திரும்பி வந்து பார்த்தேன்,
ஈரத்தில் மங்கலாக இரண்டு கோடுகள்.
மழை அழிக்கும்வரை நின்றேன்.

மறுநாள் காலை பூங்கோதை போன் செய்தாள்.
"வண்டிய நிறுத்திட்டேன்.
ஒருத்திகூடத் திரும்பிப் பாக்கல."
குரலில், நிச்சயமாக,
கொஞ்சம் ஏமாற்றம்.